வீட்டில் இழுப்பு நோயாளி இருந்தால்: பம்ப் முதல் ஆக்சிஜன் மெஷின் வரை முழு வழிகாட்டி

அப்பாவுக்கு சிஓபிடி, புகையாலும் தூசியாலும் மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நோய். முப்பது வருஷம் வெல்டிங் வேலை, அதற்கும் மேலே பீடி. சென்னை பெரம்பூரில் இரண்டாவது மாடி வீடு. ஏழு வருஷமாக அவருடைய பம்ப் (இன்ஹேலர்), நெபுலைசர் (மருந்தைப் புகை மாதிரி ஆக்கித் தரும் மெஷின்), ஆக்சிஜன் எல்லாம் என் தலையில். அதனாலேயே எங்கள் தெருவில் யாருக்காவது வீசிங் என்றால் என்னைக் கூப்பிட்டு விடுகிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மருந்து சரியாகத்தான் இருக்கும். பம்ப் அடிக்கும் விதம் தப்பாக இருக்கும், இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டும்போது ஒருத்தர் ஸ்பேசரை (பம்போடு பொருத்தும் பிளாஸ்டிக் கூடு) தேட, இன்னொருத்தர் பழைய ரிப்போர்ட்டைத் தேட, நோயாளி கட்டிலில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

நான் டாக்டர் கிடையாது. எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் டாக்டர் எழுதிக் கொடுப்பதுதான். அவர் எழுதியது நுரையீரல் வரை போய்ச் சேர நாம் செய்ய வேண்டியதை, செய்ய வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

1. முதலில் என்ன நோய் என்று தெரிய வேண்டும்

"வீசிங்" என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, மூச்சுக்குழாய் சுருங்கும்போது கேட்கும் சத்தம். ஆஸ்துமாவிலும் வரும், சிஓபிடியிலும் வரும், இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும் வரும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் தந்த பம்பை வாங்கி அடிக்காதீர்கள் என்பது இதனால்தான்.

கேட்டு வாங்க வேண்டிய டெஸ்ட் ஸ்பைரோமெட்ரி. மூக்கை கிளிப்பால் அடைத்து, முழு மூச்சை இழுத்து, குழாயில் வேகமாக, விடாமல் ஆறு செகண்டாவது ஊத வேண்டும். பிறகு பம்ப் கொடுத்து, 15, 20 நிமிஷம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். பம்புக்குப் பிறகு ஊதும் அளவு நன்றாகத் தேறினால் ஆஸ்துமா பக்கம், பெரிதாகத் தேறாவிட்டால் சிஓபிடி பக்கம் என்று டாக்டர் யோசிப்பார். டெஸ்ட்டுக்கு முந்தைய ராத்திரியும் அன்று காலையும் எந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கம்போல் பம்ப் அடித்துவிட்டுப் போய் நின்றால் இந்த ஒப்பீடே கெட்டுவிடும். நாங்கள் அப்படி ஒருமுறை போய்த் திரும்பி வந்தோம்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளி டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். நம் ஊரில் டிபி இன்னும் போகவில்லை, பழைய டிபி விட்டுப்போன தழும்பினாலும் வாழ்நாள் முழுக்க இழுப்பு இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் இந்த டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். தாம்பரம் சானடோரியம், ஓட்டேரி நெஞ்சக ஆஸ்பத்திரி, சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜிஎச் மூன்றிலும் நெஞ்சக நோய்க்கென்றே டாக்டர்கள் உண்டு.

2. ஒரு டப்பா, ஒரு காகிதம்

மற்றதற்கெல்லாம் முன்னால் இதைச் செய்யுங்கள். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அவசர பம்ப், ஸ்பேசர், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர், அதற்கு உபரி பேட்டரி, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸ். டப்பா இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வரும் அக்கா உட்பட, தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது ஒரு வெள்ளைத் தாளை நீட்டி மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வாங்குங்கள். மூச்சு முட்டினால் எந்த பம்ப், எத்தனை தடவை? ஆக்சிஜன் அளவு எவ்வளவு இருந்தால் இவருக்குப் போதும்? எந்த அளவுக்குக் கீழே போனால் கிளம்ப வேண்டும்? கூட்டத்தில் டாக்டருக்கு நேரம் இருக்காது, ஆனாலும் கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

3. இரண்டு பம்ப், இரண்டு வேலை

ஒன்று சுருங்கிய குழாயைச் சில நிமிஷத்தில் விரிக்கும், சால்பியூட்டமால் மாதிரி. இது அவசரத்துக்கு. இன்னொன்று தினமும் அடிப்பது. ஸ்டீராய்டு கலந்தது குழாயின் வீக்கத்தை மெதுவாகக் குறைக்கும், சிஓபிடிக்குக் கொடுக்கும் டையோட்ரோபியம் மாதிரியானவை குழாயை நாள் முழுக்க விரித்து வைக்கும். தினப்படி பம்பின் முழுப் பலன் தெரிய நாளாகும். அதனால்தான் "இதை அடிச்சா ஒண்ணுமே தெரியல, அதை அடிச்சாதான் நல்லா இருக்கு" என்று தினப்படி பம்பை நிறுத்திவிட்டு அவசர பம்பையே ஒரு நாளைக்கு எட்டு தடவை அடிக்கிறார்கள். நான் பார்த்ததில் அதிகமாக நடக்கும் தப்பு இதுதான். அவசர பம்ப் சீக்கிரம் காலியாகிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம், அடுத்த பம்ப் வாங்குவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

நிறத்தை வைத்து அடையாளம் வைக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பிளாஸ்டர் ஒட்டி, பெரிய எழுத்தில் "தினமும்", "அவசரம்" என்று எழுதிவிடுங்கள். சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரே பம்பையே இரண்டுக்கும் எழுதித் தருவார்கள், அவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: பம்பில் போவது மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையில் போவது மில்லிகிராம் கணக்கு.

4. பம்ப் அடிப்பது: பத்து செகண்டில் கெட்டுப்போகும் வேலை

ஸ்பேசர் இல்லாமல் அடிக்கவே வேண்டாம் என்பேன். பம்பிலிருந்து மருந்து வேகமாகச் சீறி வரும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் சேராவிட்டால் பெரும்பங்கு தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். ஸ்பேசர் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு மருந்தை உள்ளே நிறுத்தி வைக்கும், நாம் நிதானமாக இழுக்கலாம்.

வரிசை இப்படி: நேராக உட்கார வையுங்கள். பம்பை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கியிருக்கும். ஸ்பேசரில் பொருத்துங்கள். மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லுங்கள், பழைய காற்று நிறைந்திருந்தால் புதுசு உள்ளே போகாது. உதட்டால் வாய்ப்பகுதியை இறுக்கி மூடிய பிறகு ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, விட வேண்டும். அடக்க முடியாதவர்கள் ஸ்பேசருக்குள்ளேயே நாலைந்து முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்கினால் போதும். அடுத்த தடவைக்கு அரை நிமிஷமாவது விட்டு, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து.

இரண்டு தடவை சேர்த்து அழுத்திவிட்டு ஒரே மூச்சில் இழுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும். நேரம் மிச்சம், மருந்து நஷ்டம்.

ஸ்டீராய்டு பம்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் படியும், குரல் கம்மும். பல் தேய்ப்பதற்கு முன்னால் பம்ப் என்று வைத்துக்கொண்டால் இது தானாக நடந்துவிடும்.

ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காய வையுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். பம்பில் மீதி எவ்வளவு என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பகமான வழி இல்லை. எண் காட்டும் பம்பாக வாங்குங்கள், அல்லது தொடங்கிய தேதியை எழுதி, மொத்தத்தை ஒரு நாளைய எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் வண்டி சீட்டுக்கு அடியில் பம்பை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், அது அழுத்தமுள்ள டப்பா, சூடு ஆகாது.

5. ரொட்டாகேப் போட்டு இழுப்பது

ரொட்டாகேப் என்பது பவுடர் மருந்து அடைத்த கேப்ஸ்யூல், ஒரு சிறு கருவியில் போட்டு உடைத்து வாயால் இழுக்க வேண்டும். இதில் விதி தலைகீழ். பம்பை மெதுவாக இழுக்க வேண்டும், பவுடரை வேகமாக இழுக்க வேண்டும். பவுடரைக் கிளப்ப வெளியிலிருந்து எந்த வேகமும் வராது, நம் மூச்சின் வேகம்தான்.

அப்பாவுக்கு இதைக் கொடுத்த முதல் நாள் சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தபோது அவர் லுங்கி முழுக்க வெள்ளைப் பொடி. கேப்ஸ்யூலை உடைத்து, வாயில் வைத்து, முதலில் உள்ளே ஊதியிருக்கிறார். "மூச்ச வெளிய விடச் சொன்னாங்களேடா" என்றார். சொன்னார்கள்தான், கருவியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு விட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஊதினால் மருந்தும் போகும், மூச்சின் ஈரமும் பவுடரைக் கட்டியாக்கும்.

கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்து விழுங்குகிறவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள், மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நேராக வீட்டுக்குப் போகிறவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், கேப்ஸ்யூலை போடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து அல்லது டப்பாவிலிருந்து எடுக்க வேண்டும். இழுத்த பிறகு உள்ளே பவுடர் மிச்சம் இருந்தால் இன்னொருமுறை இழுங்கள். வேகமாக இழுக்கவே முடியாத அளவுக்கு மூச்சு பலவீனமாகிவிட்டால் இதை விட்டு ஸ்பேசருக்கு மாற்றச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

6. நெபுலைசர்

இதைப் பெரிய வைத்தியம் என்று நினைக்கிறார்கள். நன்றாக ஸ்பேசர் பிடிக்கத் தெரிந்தவருக்கு பம்பே பெரும்பாலும் அதே வேலையைச் செய்யும். நெபுலைசர், இழுத்துப் பிடிக்க முடியாதவர்களுக்கு.

கலப்பதற்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நார்மல் சலைன் மட்டும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், வெந்நீர் எதுவும் கூடாது. தண்ணீரே மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், கிருமியும் நேராக நுரையீரலுக்குப் போகும். மருந்து கப்பை நேராகப் பிடியுங்கள், மாஸ்க் முகத்தில் ஒட்டியிருக்கட்டும், ஸ்டீராய்டு என்றால் முடிந்ததும் முகத்தையும் கழுவுங்கள். ஒவ்வொரு தடவையும் கப்பையும் மாஸ்க்கையும் கழுவிக் காய வைக்க வேண்டும். நான் பார்த்த பல வீடுகளில் அது மருந்து படிந்து, கட்டிலுக்கடியில் தூசியோடு கிடக்கும்.

7. நல்ல நாளில் எழுதி வைக்கும் கணக்கு

ஆக்சிமீட்டரில் 91 காட்டினால் நல்லதா கெட்டதா? ஆளைப் பொறுத்தது. அப்பாவுக்கு உட்கார்ந்திருக்கும்போது சாதாரண அளவே அதுதான். ஆரோக்கியமான ஒருவருக்கு 95க்கு மேலே இருக்க வேண்டும். அதனால் நோயாளி நன்றாக இருக்கும்போது இரண்டு வாரம், காலையும் மாலையும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். அதுதான் அவருடைய அளவுகோல், கெட்ட நாளை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

அளக்கும் முன் ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். மருதாணி, நெயில் பாலிஷ் உள்ள விரல் வேண்டாம். எண் ஆடாமல் நிற்கும் வரை காத்திருங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதை விடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம், ஆகவே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் இருக்காதீர்கள்.

ஆஸ்துமா என்றால் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற ஊதும் குழாய் நல்லது. நல்ல நாளில் ஊதிய அதிகபட்ச எண்ணில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. மூச்சு முட்டுவதற்கு ஓரிரு நாள் முன்பே இந்த எண் சரியத் தொடங்குவது உண்டு.

கூடவே சளியையும் கவனியுங்கள். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவும் கூடி, மூச்சும் கூடுதலாக வாங்கினால் அன்றே டாக்டர். "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்ற அந்த இரண்டு நாளில்தான் அட்மிஷன் வருகிறது.

8. ஆக்சிஜன் மெஷின்

இது மூச்சு வாங்குகிறது என்பதற்காக வாங்கும் பொருள் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் தொடர்ந்து குறைவாக இருக்கிறது, அதாவது ஓய்வில் 88 அல்லது அதற்குக் கீழே, என்று டாக்டர் உறுதி செய்த பிறகே. அப்படி எழுதித் தந்தால் ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது வைத்தால்தான் பலன். மூச்சு முட்டும்போது மட்டும் அரை மணி நேரம் வைப்பது அந்தக் கணக்கில் வராது.

வாடகைக்கு மெஷின் கொண்டு வந்த பையன் நிமிஷத்துக்கு 5 லிட்டரில் வைத்துவிட்டு "அதிகமா வெச்சா நல்லதுதான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று ராத்திரி அப்பாவுக்கு அளவு 98. நாங்கள் சந்தோஷப்பட்டோம். காலையில் தலைவலி என்றார், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கி விழுந்தார். சிஓபிடி முற்றிய சிலருக்கு ஆக்சிஜன் மிகுந்தால் உடம்பில் கரியமில வாயு ஏறும், ஆள் மயக்கத்துக்குப் போவார். அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92. டாக்டர் 1 லிட்டர் என்றால் 1 லிட்டர்தான். 98 வர வேண்டும் என்று குமிழைத் திருகாதீர்கள்.

மெஷினைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள், அது அறைக் காற்றை இழுத்து வேலை செய்கிறது. பின்னால் உள்ள பஞ்சு ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள். தண்ணீர் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் அல்லது கொதித்து ஆறிய தண்ணீர், தினமும் மாற்றி. காற்று வரவில்லை என்று பதறும் முன் மூக்குக் குழாய் நுனியை டம்ளர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் சரி. வராவிட்டால் பத்துக்கு எட்டு தடவை பாட்டில் மூடி கோணலாக இருக்கும், இல்லாவிட்டால் குழாய் கட்டில் காலுக்கடியில் மாட்டியிருக்கும்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, பீடி, எதுவும் கூடாது. மூக்கு காய்ந்தால் வாசலின், எண்ணெய் தடவாதீர்கள், தண்ணீரில் கரையும் ஜெல் கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் போவதற்கான ஏற்பாட்டை மெஷின் வரும் அன்றே செய்யுங்கள். 5 லிட்டர் மெஷின் 350 வாட் அளவில் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி உள்ள இன்வெர்ட்டரில் மூன்று மணி நேரம் ஓடினால் பெரிது, பழைய பேட்டரி என்றால் அதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டு நிஜமாக எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். புயல் காலத்துக்கு ஒரு பி டைப் சிலிண்டர் தேவை. அதில் சுமார் 1500 லிட்டர் இருக்கும், 2 லிட்டரில் வைத்தால் 12 மணி நேரம். திறக்கும் சாவியை சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது ஒருமுறை டூல்ஸ் பெட்டிக்குப் போய்விட்டது, அந்தப் பத்து நிமிஷத்தை நான் மறக்கவில்லை.

9. மூச்சு முட்டும்போது

படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கையை மேஜையிலோ தொடையிலோ ஊன்றட்டும். படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். சுற்றி நிற்பவர்களை விலக்கி, ஃபேனைப் போடுங்கள்.

உடனே ஸ்பேசரில் அவசர பம்ப். ஃபிரிட்ஜ் தாளில் உள்ள எண்ணிக்கைப்படி, தாள் இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிஷம் பொறுங்கள். தேறாவிட்டால் மறுபடி நான்கு, அப்போதே 108க்கு போன். இரண்டாவது சுற்று முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனைத் தள்ளிப்போடாதீர்கள்.

இடையில் மூக்கால் இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக ஊதச் சொல்லுங்கள். சிஓபிடியில் காற்று உள்ளே போவதை விட வெளியே வர முடியாததுதான் தொல்லை. குவித்து ஊதினால் குழாய் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் திறந்திருக்கும்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமை, உதடு நீலம், குழப்பமான பேச்சு, தூக்கக் கலக்கம் இதில் எது வந்தாலும் முதல் சுற்றுக்கே காத்திருக்காமல் 108. இன்னொன்று: "வீசிங் சத்தம் நின்னுடுச்சு" என்று நிம்மதி அடையாதீர்கள். ஆள் திணறிக்கொண்டே இருக்க சத்தம் மட்டும் நின்றால், காற்றே போகவில்லை என்று அர்த்தம், அதுதான் மிக ஆபத்தான கட்டம்.

போனில் மூச்சுத்திணறல், ஆக்சிஜன் வேண்டும், எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று சொல்லுங்கள். ஒருத்தர் தெருமுனையில் நிற்கட்டும். டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

10. வீட்டுக்குள் இருக்கும் புகை

ஜன்னலுக்கு வெளியே மணலி, கொடுங்கையூர் புகை நம் கையில் இல்லை. கொசுவர்த்திச் சுருளும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் நம் கையில்தான் இருக்கின்றன. எங்கள் அம்மாவை சாம்பிராணி விஷயத்தில் சம்மதிக்க வைக்க இரண்டு வருஷம் ஆனது, இப்போது பால்கனியில் போடுகிறார். கொசுவுக்கு வலைதான் சிறந்தது.

போகிக்கு முந்தைய ராத்திரியே ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்துவிடுங்கள். தை பிறக்கும் நேரத்தில் விடிகாலைக் காற்று அசையாமல் புகையைத் தரைமட்டத்திலேயே பிடித்து வைக்கும், அன்று காலை நடை வேண்டாம். தீபாவளிக்கும் இதே. மத்திய அரசின் சமீர் ஆப்பில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி மாதிரி இடங்களின் காற்றுத் தர எண் தெரியும், 200க்கு மேல் போனால் வெளியே அனுப்பாதீர்கள்.

மழைக்காலம் முடிந்ததும் அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் பூஞ்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். ஏசி மேலே புறா கூடு கட்டியிருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள், புறா எச்சத்தின் தூசியே சிலருக்கு நுரையீரலைத் தனியாகக் கெடுக்கும். சுத்தம் செய்யும்போது நோயாளி வேறு வீட்டில் இருக்கட்டும்.

பீடி, சிகரெட் விட உதவி வேண்டுமென்றால் 1800 11 2356, இலவச எண், பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். அப்பா மூன்று முறை விட்டு மூன்று முறை தொடங்கினார். நாலாவது முறைதான் நின்றது.

11. ஊசியும் நடையும்

ஃப்ளூ ஊசி வருஷத்துக்கு ஒன்று, கிருமியின் வகை மாறுவதால் பழைய ஊசி அடுத்த வருஷத்துக்கு உதவாது. மழைக்கு முன் போட்டுவிட்டால் நல்லது. நிமோனியா ஊசி வேறு, எது எத்தனை என்பது வயதையும் முன்பு போட்டதையும் பொறுத்தது, டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் நாளில் போகாதீர்கள், திருப்பி அனுப்புவார்கள்.

நடை: மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தே இருந்தால் கால் தசை கரையும், கரைந்த தசைக்கு அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் வேண்டும், மூச்சு இன்னும் வாங்கும். வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள், பேச முடிகிற வேகத்தில். அப்பா முதல் வாரம் ஹாலிலிருந்து சமையலறை வரை. இப்போது மாடிப்படியில் ஒரு படிக்கு ஒரு ஊதல் என்று கணக்கு வைத்து இறங்கி, பால் பூத் வரை போகிறார். திரும்பி ஏறும்போது முதல் மாடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறோம், கீழ் வீட்டு அம்மா அதை உள்ளே எடுத்து வைக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.